முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியும் பச்சைப் பாசியும்

கோடை நடுப்பகலில் வேம்பின் கிளையில் ஒதுங்கியிருக்கும் காகத்தை உற்று நோக்குவோர், அது அலகைத் திறந்தபடி, சிறகுகளை உடலினின்றும் சற்றே விலக்கி வைத்துக்கொண்டு, விரைவாக மூச்சு வாங்குவதைக் காண்பர். பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய்வழியே நீராவியை வெளியேற்றியே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இவ்வாறு இழந்த நீரை மீண்டும் பெறுவதற்குக் குடிநீர் வேண்டும். இறகிற் படிந்த புழுதியையும் பேனையும் போக்கி, வாலடிச் சுரப்பியின் நெய்யை இறகெங்கும் ஒழுங்காகப் பூசிக்கொள்வதற்குக் குளிக்கவும் வேண்டும். இறகு கெட்ட பறவைக்குப் பறப்பு இல்லை. பறப்பு இல்லையேல் உணவும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மட்டுமே நீர் காண்பது. மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய திங்கள்களிற் பெய்து முடிந்துவிட, எஞ்சிய காலம் முழுவதும் மக்களும் மாடுகளும் பயிர்களும் கிணற்றையே நம்பி வாழ்கின்றனர். துலாவினாற் பட்டை பட்டையாக இறைத்த காலத்தில், கிணற்றடியிலிருந்து வெங்காயப் பாத்தி வரை வாய்க்காலில் ஓடிய நீரே குருவிகளுக்குக் குடிநீரும் குளியல் நீருமாயிற்று. தெருவோரத்தில் ஆவுரஞ்சிக் கல்லும் அதன் அருகே மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியும் அமைப்பது பேரறமாகக் கருதப்பட்டது. மாட்டுக்கென்று வைத்த தொட்டியின் விளிம்பில் மைனாவும் புலுனியும் வந்து குடிப்பதை எவரும் தடுத்ததில்லை. பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும் மூடிய தாங்கியும் குழாயும் வந்தன. நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடத் தொடங்கிற்று. மனிதருக்கு அது வசதி. பறவைகளுக்கோ கிணற்றடி என்ற இடமே இல்லாது போயிற்று. ஆகவே வீட்டு முற்றத்தில் ஒரு சட்டியிலேனும் சீமெந்துத் தொட்டியிலேனும் தண்ணீர் வைப்பது இன்று பொழுதுபோக்கன்று. பழைய வழக்கம் ஒன்றின் குறையை நிரப்புவதாகும்.

வைப்பது எளிது. வைத்ததைப் பேணுவதிலேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. முதல்நாள் ஊற்றிய தெளிந்த நீர் மூன்றாம் நான்காம் நாளில் இளம்பச்சையாகிறது. ஒரு வாரத்துக்குள் சட்டியின் உட்புறம் முழுவதும் வழுவழுப்பான பச்சைத் தோல் போர்த்துக்கொள்கிறது. இதைக் கண்டதும் சிலர் மனம் சலித்துத் தொட்டியைக் கைவிட்டுவிடுகின்றனர். வேறு சிலர், பாசி இயற்கைதானே என்று சொல்லிக் குறைந்த நீரை மட்டும் நாள்தோறும் ஊற்றி நிரப்பி வருகின்றனர். இவ்விரு சாராருள் முன்னவராற் பறவைகளுக்கு விளையும் தீங்கு குறைவு. பின்னவர் செய்வது யாது என்பதைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

பாசி என்பது வேரும் தண்டும் இலையும் இல்லாத மிக எளிய தாவர வகை. விஞ்ஞான நூல்கள் இதனை அல்கா என்று கூறும். இதன் நுண்ணிய வித்துக்கள் காற்றிலும் தூசியிலும் பறவையின் காலிலும் எங்கும் உள. அவற்றை வராமற் றடுத்தல் எவராலும் இயலாது. வந்த வித்துப் பெருகுவதற்கு வெளிச்சமும் உணவும் வேண்டும். வெளிச்சத்திற்குக் குடாநாட்டிற் பஞ்சமில்லை. உணவோ, கிணற்று நீருடன் கலந்தே வந்துவிடுகிறது. இதுவே இப்பகுதியின் சிறப்பான நிலைமை.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் குடைவுகளிலும் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு இடும் யூரியா முதலிய பசளைகளிற் பயிர் உண்டது போக எஞ்சியதும், மலகூடக் குழிகளிலிருந்து கசிவதும், தடையின்றி அந்நீரைச் சென்றடைகின்றன. இவற்றால் உண்டாகும் நைத்திரேற்று என்னும் உப்பு, குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில், சிறப்பாக விவசாயம் மிகுந்த வலிகாமப் பகுதியில், இவ்வளவு மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இந்த உப்புக் குறைக்கும் என்பதால் மருத்துவர்கள் இதைக் குறித்துக் கவலை கொள்கின்றனர். அது தனியே பேச வேண்டிய பெரும் பொருள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: வெங்காயத்தை வளர்க்கும் பசளையே பாசியையும் வளர்க்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை ஒரு சட்டியிலிட்டு வெயிலில் வைப்பது, உரமிட்ட வயலை உழுது வைப்பதற்கு ஒப்பாகும்.

எனினும் நைத்திரேற்று மட்டும் பாசிக்குப் போதாது. பொசுபேற்றும் வேண்டும். சுண்ணக்கல் நிலம் பொசுபேற்றைப் பெரும்பாலும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால், கிணற்று நீரில் அது குறைவாகவே வரும். அக்குறையை நிரப்புபவை தொட்டிக்கு வரும் விருந்தாளிகளே. பறவையின் எச்சத்தில் நைதரசனும் பொசுபேற்றும் மிகுதியாக உண்டு. காகத்தின் பழக்கம் இன்னும் மோசம். உலர்ந்த பாண் துண்டையும் மீன்முள்ளையும் எலும்பையும் தூக்கி வந்து தண்ணீரில் ஊறவைத்துத் தின்பது அதன் வழக்கம். புரட்டாதிச் சனியன்று காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகளில், அந்தச் சோற்றிற் பாதி பிற்பகலுக்குள் தொட்டியின் அடியிற் கிடக்கும். சோறு வைக்கும் இடமும் தண்ணீர் வைக்கும் இடமும் முற்றத்தின் இரு மூலைகளாக இருத்தல் நன்று. முற்றாகத் தடுக்க இயலாவிடினும் அளவு குறையும்.

இனி, குறைந்த நீரை மட்டும் ஊற்றி நிரப்பும் பழக்கத்தை நோக்குவோம். வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே. அதிற் கரைந்திருந்த உப்புகள் யாவும் சட்டியிலேயே தங்கிவிடுகின்றன. மறுநாள் ஊற்றும் நீர் தன் பங்குக்கு மேலும் சிறிது உப்பைக் கொணர்கிறது. சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனி நாள்களில் ஆழமற்ற சட்டியொன்று மாலைக்குள்ளேயே பாதி வற்றிவிடும். இவ்வாறு ஒரு மாதம் ஊற்றி நிரப்பிய சட்டியில் இருப்பது கிணற்று நீரன்று. காய்ச்சிச் சுண்டிய கிணற்று நீர் என்றே சொல்ல வேண்டும். தீவகத்திலும் கரையோரத்திலும் கிணறு ஏற்கெனவே உவர்ப்பாக இருக்குமாயின், அந்நீர் சிறு பறவைகளுக்குக் குடிக்கத் தகாததாகிவிடும். ஆதலால் முதல் விதி: மிச்ச நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும், அதைக் கவிழ்த்துவிட்டே புதுநீர் வார்த்தல் வேண்டும். கவிழ்க்கும் நீரை வீணாக்க வேண்டியதில்லை. எச்சம் கலந்த அந்நீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல பசளை. வாய்க்காலிலோ கானிலோ ஊற்றாமல் உலர்ந்த மண்ணிலேயே ஊற்றுதல் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

பாசியே பறவையைக் கொல்வதில்லை. நீலப்பச்சை நிறமான சில வகைகள் நஞ்சை உண்டாக்குவது உண்மையாயினும், சாதாரணமாகப் பச்சைப் படலம் ஓர் அறிகுறி மட்டுமே. நீர் மாற்றப்படவில்லை, சுவர் தேய்க்கப்படவில்லை என்பதை அது எவரும் காணும்படி அறிவிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேறிரண்டு விருந்தாளிகளும் அவ்வாறான தொட்டியிலேதான் குடியேறுகின்றன.

முதலாவது, திரைக்கோமோனசு என்னும் ஒற்றைக்கல உயிர். இது புறாக்களின் தொண்டையில் நெடுங்காலமாக வாழ்ந்து வருவது. நோயுற்ற புறா தண்ணீர் குடிக்கும்போது எச்சில் வழியாக நீரில் இறங்கி, அடுத்துக் குடிக்கும் பறவையின் தொண்டையைப் பற்றிக்கொள்ளும். தொண்டை வீங்கி, விழுங்க இயலாமல், பறவை பட்டினியால் இறக்கும். பிரித்தானியாவில் இந்நோய் 2005ஆம் ஆண்டில் தோட்டத்துச் சிறுகுருவிகளிடையே வெளிப்பட்டது. அங்கே வீட்டுத் தோட்டங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட கிறீன்பிஞ்சு என்னும் குருவி அதன் பின்னர் பெருந்தொகையாக அழிந்து, 2021இல் அந்நாட்டின் அபாய நிலைப் பறவைகளின் சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது. பறவைகள்மீது அன்பு கொண்டு வைத்த தீனித் தட்டுகளும் நீர்த் தொட்டிகளுமே நோய் பரவும் சந்திகளாயின. இத்தனை கொடிய இவ்வுயிருக்கு ஒரு பெரும் பலவீனம் உண்டு. ஈரமின்றி இது நெடுநேரம் வாழாது. நன்றாகக் காய்ந்த சட்டியில் இது மடிந்துவிடும்.

இரண்டாவது விருந்தாளி மனிதருக்குப் பகையானது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரையில் டெங்கு நோயாளர்களாகப் பதிவாயினர். இந்நுளம்பு தன் முட்டைகளை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. நீர் ஏறி முட்டையைத் தொடும்போது குடம்பி வெளிவரும். அது கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறப்பதற்கு இந்நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதற் பத்து நாள் செல்லும். ஆதலால் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைக் கவிழ்ப்பவரின் தொட்டியில் நுளம்பு பிறக்காது. உலர்ந்த மண்ணிற் கவிழ்த்தால் இருக்கும் குடம்பியும் செத்துவிடும். கானில் ஊற்றினால் அங்கே தேங்கிய நீரிற் போய் வளரும். கிணறு உவராயின் நுளம்பு வாராது என்று கரையோரத்தாரிற் சிலர் எண்ணுவதும் பொருந்தாது. வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் உவர்நீர் தேங்கிய கொள்கலங்களிலும் கைவிட்ட கிணறுகளிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. நுளம்பு பெருக இடமளிக்கும் வளவுக்காரர்மீது வழக்குத் தொடர 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது, இது குருவிக்கு வைத்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்நுளம்பின் முட்டைக்கு, முன்னர்க் கூறிய உயிருக்கு நேர்மாறான இயல்பு ஒன்று உண்டு. அது காய்ந்தாலும் சாவதில்லை. மாதக்கணக்கில் சுவரில் உலர்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே காய வைப்பது மட்டும் போதாது, தேய்ப்பதும் வேண்டும். தேய்ப்பது மட்டும் போதாது, காய வைப்பதும் வேண்டும். பாசிக்கும் இவ்விரண்டுமே மருந்து. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பாசி போக, நுண்துளைகளில் எஞ்சியது வெயிலிற் கருகும்.

தேய்ப்பதையும் காய்வதையும் ஒருங்கே முடிக்க எளிய வழி, ஒரு சட்டிக்குப் பதிலாக இரண்டு சட்டி வைத்திருப்பதே. இரண்டும் ஒரே அளவினதாக, அகன்று, ஆழங் குறைந்து இருத்தல் நன்று. நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். விளிம்பை நோக்கிச் சரிந்து குறைய வேண்டும். சந்தையில் விலைப்படும் மண்சட்டியே போதும். ஒன்று பறவைகளுக்கு நீர் கொண்டு நிற்க, மற்றது கழுவப்பட்டு வெயிலிற் கவிழ்ந்து கிடக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலையில், இவை இடம் மாறும். தும்பையோ பொச்சையோ கொண்டு, சிறிது மணல் தூவி, உட்சுவரையும் விளிம்பின் அடிப்புறத்தையும் அழுத்தித் தேய்த்து, இரண்டு தடவை அலசினால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேற் செல்லாது. சாம்பலாலும் தேய்க்கலாம். ஆயின் சாம்பலிலும் பொசுபேற்று உண்டாதலால், அதை எச்சமின்றி அலசிவிடாவிடிற் பாசிக்குத் தீனி போட்டவராவோம். சவர்க்காரம் கூடாது, அது இறகின் நெய்ப்பசையைக் கரைக்கும். தேய்த்தபின் கையைக் கழுவிக்கொள்வது சொல்லாமலே விளங்கும்.

சீமெந்தினாற் கட்டிய தொட்டியை இடம் மாற்றவோ கவிழ்க்கவோ இயலாது. அதன் உள்ளே பொருந்தும் ஒரு சட்டியை வைத்துத் தொட்டியைப் பீடமாக மட்டும் பயன்படுத்துவது அறிவுடைமை. அழகு சிறிது குறையும். உழைப்பு மிகக் குறையும்.

கிணற்று நீரின் சுண்ணாம்பு இன்னொரு தொல்லை. கேத்தலின் அடியிற் படியும் அதே வெண்செதில் சட்டியின் நீர்மட்டத்திலும் வளையமாகப் படியும். அது கல்சியங் காபனேற்று. அதன் சொரசொரப்பிற் பாசி உறுதியாகக் கால் ஊன்றிக்கொள்வதால், செதில் போகாமற் பாசி முற்றாகப் போகாது. மண்சட்டிக்கும் பிளாத்திக்குப் பாத்திரத்துக்கும் தேசிக்காய்ச் சாறோ கரைத்த புளியோ வினாகிரியோ பூசி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தாற் செதில் பெயரும். சீமெந்துக்கும் சுண்ணக்கல்லுக்கும் இம்முறை ஆகாது. புளிப்பு, செதிலோடு தொட்டியையும் சேர்த்தே தின்னும். அரிக்கப்பட்ட மேற்பரப்பில் அடுத்த பாசி முன்னிலும் விரைவாகப் பிடிக்கும். மாரியிற் சேமித்த மழைநீர் கைவசம் இருப்பின் அதைப் பறவைகளுக்கு ஒதுக்குவது மிக நன்று. அதிற் சுண்ணாம்பும் இல்லை, நைத்திரேற்றும் குறைவு. நீர் தெளிவாக நிற்கும் நாள் கூடும்.

மருந்து தேடுவோர் எப்போதும் உளர். செப்புக் காசு போட்டாற் பாசி வாராது என்பர். செம்பு பாசியைத் தடுப்பது உண்மைதான். திராட்சைக் கொடிக்குத் தெளிக்கும் கலவையில் மயில்துத்தம் சேர்வதும் பூஞ்சணத்தை அது கொல்வதாலேயே. எனினும், பாசியைக் கொல்லும் அளவுக்கும் குடிக்கும் உயிரைத் துன்புறுத்தும் அளவுக்கும் இடையில் உள்ள தூரத்தை வீட்டுமுற்றத்தில் அளந்தறிய வழியில்லை. மயில்துத்தத்தைத் தொட்டியில் இடுதல் நஞ்சிடுவதேயாம். சந்தையில் விற்கும் பாசிகொல்லிகளும் வேண்டா. நோயுற்ற பறவையோ இறந்த பறவையோ தொட்டியருகே காணப்பட்டால் மட்டும் குளோரீன் கலந்த வெளிற்றும் திரவத்தை நாடலாம். ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு வீதம் கலந்து, வெறுமையான சட்டியிற் கால்மணி நேரம் நிறுத்தி, மணம் அறுமட்டும் பலமுறை அலசி, முற்றாகக் காயவைத்த பின்னரே மீண்டும் நீர் வார்க்க வேண்டும். அவ்வாறு பறவை இறந்து கிடந்தால், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் வைப்பதையே நிறுத்திவிடுவது இன்னும் பாதுகாப்பு. பறவைகள் கலைந்து சென்று நோயும் பரவாமல் நிற்கும். தேசிக்காய்ச் சாறு பூசிய சட்டியில் வெளிற்றும் திரவத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. புளிப்பும் அத்திரவமும் சேர்ந்தால் நச்சு வாயு எழும். அது தேய்ப்பவரின் நெஞ்சைத் தாக்கும்.

இடத்தைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். காலை வெயிலும் நடுப்பகலுக்குப் பின் நிழலும் கிடைக்கும் இடம், அதாவது வீட்டின் அல்லது மதிலின் கிழக்குப் பக்கம், தகுந்தது. அங்கே நீர் கொதிப்பதுமில்லை, பாசி பெருகும் வெளிச்சமும் பாதியாகக் குறைகிறது. மரத்தின் நேர் கீழே வைப்பது பிழை. இலையும் பூவும் விழுந்து அழுகுவதோடு, மேற்கிளையிலிருந்து எச்சமும் வீழும். கிளுவை வேலியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தாற் குருவிகள் முதலில் வேலியில் அமர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும். வேலிக்குள் பதுங்கும் பூனைக்கும் ஒரே பாய்ச்சலில் எட்டாது.

இவ்வளவு உழைப்பும் மாரியில் வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் வயலிலும் வளவிலும் தெருப்பள்ளத்திலும் தண்ணீர் நிற்கும். பறவைகளுக்கு வீட்டுத் தொட்டியின் தேவை இல்லை. குடாநாட்டில் டெங்கு கூடும் பருவமும் அதுவே. அப்போது இரண்டு சட்டிகளையும் கழுவிக் காயவைத்துக் கூரையின் கீழ்க் கவிழ்த்து வைத்துவிடுவது சரி. தைப்பொங்கலுக்குப் பின் முற்றம் காய்ந்து, புலுனிக் கூட்டம் கிணற்றடியைச் சுற்றத் தொடங்கும்போது அவற்றை மீண்டும் எடுக்கலாம். எடுத்தவுடன் நீர் வார்த்துவிடாமல், பார்வைக்குச் சுத்தமாக இருப்பினும், முதலில் ஒருமுறை உட்சுவர் முழுவதையும் தும்பினால் அழுத்தித் தேய்த்து, தேய்த்த நீரை உலர்ந்த மண்ணில் ஊற்றிவிட வேண்டும். சென்ற ஆண்டு நுளம்பு இட்ட முட்டைகள் அச்சுவரில் இன்னும் உயிரோடு ஒட்டியிருக்கக்கூடும்.